ரேக்கைத் தொட்டால் சுருக்கென்கிறது: "இப்படித்தான் இருக்கும்" என்கிறார் எலக்ட்ரீஷியன்

கேள்வி. மார்ச் 3, இரவு 9.40

கோவையில் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். சேர்ந்து எட்டு மாதம். சர்வர்களை அடுக்கித் திருகும் இரும்புச் சட்டமான 24 யூ ரேக்கில் (24 யூ என்பது அதன் உயரம்) இன்று ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் ஏற்ற வேண்டியிருந்தது. அதைத் திருக ரேக் துளையில் கேஜ் நட் மாட்டும்போது முழங்கை ரேக் சட்டத்தில் பட்டது. இன்னொரு கை சுவரில் இருந்த டி.பி. (மின் பகிர்வு) பெட்டியின் மூடியில் இருந்தது. சுருக்கென்றது. டெஸ்டர் வைத்தேன், மங்கலாக எரிந்தது. மீட்டரில் ரேக்குக்கும் டி.பி. பெட்டிக்கும் இடையே 112 வோல்ட். எங்கள் எலக்ட்ரீஷியனிடம் காட்டினால், "கம்ப்யூட்டர் பவர் சப்ளை என்றால் இப்படித்தான் இருக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்" என்கிறார். உண்மையா அண்ணா? செருப்புப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பதில். மார்ச் 3, இரவு 10.25

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஒவ்வொரு பவர் சப்ளையின் வாயிலிலும் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கண்டென்சர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து இரும்புக் கூட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து அதே கூட்டுக்கு. எர்த் (கூட்டை மண்ணோடு இணைக்கும் பச்சை வயர்) சரியாக இருந்தால் அவற்றின் வழியே வரும் துளிக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் கூடு இரண்டுக்கும் நடுவில் தொங்கும். 230-இல் பாதி 115. உன் மீட்டர் காட்டியது அதைத்தான்.

கசிவு ஒரு மில்லி ஆம்பியர் அளவில்தான் இருக்கும். சுருக்கென்னும், உயிருக்கு ஆபத்தில்லை. நாளை காலையில் எர்த் எங்கே அறுந்தது என்று பார்.

மார்ச் 4, காலை 6.10

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தியை யாரும் நம்ப வேண்டாம். படுத்த பிறகுதான் உறைத்தது. மேசை மீது இருக்கும் ஒற்றைக் கணினிக்கான பதிலை ரேக்குக்குச் சொல்லிவிட்டேன்.

தம்பி, உன் ரேக்கில் மொத்தம் எத்தனை பவர் சப்ளை என்று எண்ணிச் சொல். எத்தனை சாதனம் என்று கேட்கவில்லை, எத்தனை பவர் சப்ளை என்று கேட்கிறேன்.

கேட்டவர். மார்ச் 4, காலை 8.55

சர்வர் நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு. ஸ்விட்ச் இரண்டு, அவற்றிலும் இரண்டிரண்டு. ஃபயர்வால் ஒன்று. கேமரா பதிவுப் பெட்டி ஒன்று. ஆக 14.

மார்ச் 4, காலை 9.30

அப்படியானால் 14 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள். ஒன்றுக்கு ஒரு மில்லி என்பது என் குத்துமதிப்புதான். பிளக்கில் மாட்டும் சாதனத்துக்கு 3.5 மில்லி ஆம்பியர் வரை தரநிலையே இடம் கொடுக்கிறது. நடைமுறையில் ஒன்றுக்கு அக்கம்பக்கத்தில் நிற்கும்.

எல்லாச் சாதனங்களும் ஒரே இரும்புச் சட்டத்தில் திருகப்பட்டிருக்கின்றன, எல்லாவற்றின் எர்த்தும் ஒரே பச்சை வயரில் போய்ச் சேர்கிறது. அந்த வயர் அறுந்தால் பதினான்கு கண்டென்சர் ஜோடிகளும் சேர்ந்து உன் கை வழியாகத்தான் மண்ணைத் தேடும். அரை மில்லி, ஒரு மில்லி என்றால் கை உணரும். பத்தை நெருங்கினால் தசை இறுகி, பிடித்த பிடியை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. நேற்று உனக்குச் சுருக்கென்றதோடு போனதற்குக் காரணம், முழங்கை பட்டதும் அனிச்சையாக இழுத்துக்கொண்டதுதான். அதே சட்டத்தை உள்ளங்கையால் பிடித்து, மறு கையால் டி.பி. பெட்டியைப் பற்றியிருந்தால் கதை வேறு.

எலக்ட்ரீஷியன் சொன்னது ஒரு கணினிக்குப் பொருந்தும். பதினான்கு சேர்ந்தால் பொருந்தாது. நேற்று நானே அதில் வழுக்கி விழுந்தேன் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மார்ச் 4, பகல் 1.15

இப்போதைக்கு ஓர் அட்டையில் "தொடாதீர்கள், எர்த் இல்லை" என்று எழுதி ரேக் கதவில் ஒட்டு. அலுவலகத்தில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மார்ச் 4, இரவு 11.05

டெஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு திரிகிறோமே, அதைப் போலப் பொய் சொல்லும் கருவி வேறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ரேக் மாற்றப் போனேன். "ரேக்" என்று எழுதியிருந்த எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கினேன். டெஸ்டரைச் சாக்கெட்டில் விட்டுப் பார்த்தேன், எரியவில்லை. சரி என்று பி.டி.யூ.வின் (ரேக்குக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சாக்கெட் பட்டையின்) மூடியைக் கழற்றி ஃபேஸ் திருகில் ஸ்குரூ டிரைவரை வைத்தேன். பிடி பிளாஸ்டிக், ஆனால் சுட்டுவிரல் முன்னால் கம்பியில் இருந்தது, இடது கை ரேக் கதவைப் பிடித்திருந்தது. நான் பின்னால் போய் விழுந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள் இருந்ததால் மண்டை தப்பியது. மூன்று நாள் தோள்பட்டை வலித்தது.

டெஸ்டர் ஏன் எரியவில்லை? நான் நின்றது பலகைக்கு முன்னால் விரித்திருந்த ரப்பர் பாய் மீது. டெஸ்டரின் நியான் எரிய வேண்டுமானால் அந்தத் துளி மின்சாரம் என் உடம்பு வழியாக மண்ணுக்குப் போயாக வேண்டும். பாய் அதைத் தடுத்தது. போதாக்குறைக்குத் தலைக்கு மேலே இரண்டு டியூப் லைட். மங்கலாக எரிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆக, மின்சாரம் இருக்கும்போது "இல்லை" என்று சொன்னது.

அன்றிலிருந்து மீட்டர்தான். ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், மூன்றையும் பார்ப்பேன். பார்ப்பதற்கு முன் மின்சாரம் உள்ளது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு சாக்கெட்டில் மீட்டரைச் சோதிப்பேன். பார்த்து முடித்த பிறகு மறுபடியும் அதே சாக்கெட்டில் சோதிப்பேன். இடையில் மீட்டரின் வயர் போயிருந்தால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும்.

மார்ச் 5, காலை 7.20

மதுரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: எம்.சி.பி.யை இறக்கிய பிறகு மின்சாரம் எங்கிருந்து வந்தது?

ஒன்று போனாலும் இன்னொன்று ஓட, அந்த ரேக்கில் ஏ, பி என்று இரண்டு பி.டி.யூ. நான் இறக்கியது ஏ பக்கத்து பி.டி.யூ.வின் எம்.சி.பி. கழற்றியது பி பக்கத்து பி.டி.யூ.வின் மூடி. இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம், ரேக்கின் பின்னால் இடமும் வலமுமாக நின்றன. முன்னால் நின்று பார்த்து எழுதிய பலகையைப் பின்னால் நின்று படித்தால் இடது வலதாகிவிடுகிறது. இவ்வளவுதான் விஷயம். அந்த இடத்தில் மூன்று ஃபேஸ் இணைப்பில் ஏ பக்கம் ஆர் ஃபேஸிலும் பி பக்கம் ஒய் ஃபேஸிலும் இருந்தன என்று பிறகு தெரிந்தது. இரண்டு பி.டி.யூ.வின் ஃபேஸ் முனைகளையும் ஒருவன் ஒரே நேரத்தில் தொட்டிருந்தால் 230 அல்ல, சுமார் 400.

மார்ச் 5, இரவு 9.50

வாசகர்களின் பேச்சு யூ.பி.எஸ். பக்கம் போய்விட்டது, போகட்டும். பேட்டரி வரிசையை யாராலும் "ஆஃப்" செய்ய முடியாது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பதினாறு வரிசையாக நின்றால் 192 வோல்ட் டி.சி., இரவும் பகலும் இருக்கும். சுவிட்சை இறக்கினால் யூ.பி.எஸ்.ஸுக்குப் போகும் வழிதான் அடைபடும், பேட்டரி முனைகள் அப்படியேதான் இருக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றாத ஸ்பேனர் ஒன்று கைநழுவி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை வெளிச்சம், ஒரு "டப்". ஸ்பேனர் ஒரு முனையில் பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டது.

தொலைபேசி நிலையங்களின் 48 வோல்ட்டைப் பார்த்து "48 தானே" என்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஷாக் அடிக்காமல் போகலாம். மோதிரம் குறுக்கே பட்டால் விரலைச் சுற்றிச் சிவக்கக் காய்ந்த வளையம்தான். அதனால் வேலைக்கு முன் மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைப்பேன். போன மாதம் அப்படிக் கழற்றிய கல்யாண மோதிரம் இன்னும் கிடைக்கவில்லை. பாதுகாப்பு விதி என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

கேட்டவர். மார்ச் 6, மாலை 6.30

கண்டுபிடித்துவிட்டேன் அண்ணா. யூ.பி.எஸ். வெளியீட்டுப் பலகையைத் திறந்தோம். ரேக்குக்குப் போகும் பச்சை வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி, மடித்து வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியனே ஒப்புக்கொண்டார். போன வருடம் ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்ததாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது இந்த வயரைக் கழற்றியதும் விழுவது நின்றதாம். இன்னொன்று: இரண்டு பி.டி.யூ.வும் அதே பலகையில் ஒரே எம்.சி.பி.யிலிருந்து வருகின்றன. இப்போதே பச்சை வயரை முறுக்கிச் சேர்த்துவிடட்டுமா?

மார்ச் 6, மாலை 6.34

சேர்க்காதே. கையை எடு.

மார்ச் 6, மாலை 6.50

ரேக் ஓடிக்கொண்டிருக்கும்போது வெட்டுப்பட்ட பச்சை வயரின் ரேக் பக்க முனையில் 112 வோல்ட் நிற்கிறது. பலகை பக்க முனை மண். இரண்டையும் இரு கைகளில் பிடித்து முறுக்கினால், அந்தப் பதினான்கு மில்லி ஆம்பியருக்கு நீதான் பாலம், நெஞ்சுக்குக் குறுக்கே. "பச்சை வயர்தானே" என்று நினைத்துத் தொடுவார்கள். எர்த்தை முதலில் மாட்டி மின்சாரத்தைப் பிறகு கொடுக்க வேண்டும். கழற்றும்போது எர்த் கடைசி. மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாக இருப்பது இதற்குத்தான்: உள்ளே நுழையும்போது அது முதலில் தொடும், வெளியே வரும்போது கடைசியாக விடும்.

ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்.

ஒரே எம்.சி.பி.யில் இரண்டு பி.டி.யூ. என்பது ஒரே மாட்டுக்கு இரண்டு கயிறு கட்டுவது போல. மாடு போனால் இரண்டு கயிறும் சும்மா.

மார்ச் 6, இரவு 10.40

எலக்ட்ரீஷியனைப் பற்றி நான்கு பேர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் இடத்தில் இருந்து பாருங்கள். மாலை ஆறு மணிக்கு அலுவலகமே இருண்டுபோய், மேலதிகாரி பின்னால் நின்று "இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்கிறார். ஒரு வயரைக் கழற்றியதும் எல்லாம் எரிகிறது. யாராக இருந்தாலும் அதோடு வீட்டுக்குத்தான் போவார்கள்.

ஆர்.சி.சி.பி. ஏன் விழுந்தது என்பதுதான் கேள்வி. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது பார்க்கும். வித்தியாசம் எர்த்துக்குப் போயிருந்தால் விழும். அதன் மேல் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15 வரைக்கும்தான் விழாமல் இருக்கும் என்ற உத்தரவாதம். 15-க்கும் 30-க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் விழலாம். தம்பி, அந்த ஆர்.சி.சி.பி.யில் ரேக் தவிர வேறு என்னென்ன இருக்கின்றன?

கேட்டவர். மார்ச் 7, காலை 9.10

பத்து மேசைக் கணினிகள்.

மார்ச் 7, காலை 9.25

கணக்குச் சரியாகிவிட்டது. ரேக்கிலிருந்து பதினான்கு, கணினிகளிலிருந்து ஏழெட்டு. இருபதைத் தாண்டி எப்போதும் விளிம்பில் நின்றிருக்கிறது. எதுவும் பழுதில்லை. ஒரே ஆர்.சி.சி.பி.யில் அளவுக்கு மீறி மாட்டியதுதான் பழுது. எர்த்தை வெட்டியதும் ரேக்கின் கசிவு போக வழியின்றி ரேக்கிலேயே தேங்கியது. ஆர்.சி.சி.பி.க்கு எல்லாம் சுகம்.

மார்ச் 8, இரவு 8.15

மதுரை வாசகர் மறுபடியும்: "சர்வர் அறைக்கு ஆர்.சி.சி.பி.யே வேண்டாம், எர்த் நன்றாக இருந்தால் எம்.சி.பி. போதும்." நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு பவர் சப்ளைக்குள் ஃபேஸ் நேராகக் கூட்டில் பட்டுவிட்டது என்று வையுங்கள். மின்சாரம் எர்த் குழி வழியாக மண்ணில் இறங்கி டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். குழியின் மின்தடை 5 ஓம் என்றால் 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் குழியின் ஓமையும் கூட்டினால் இன்னும் குறையும். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. நிச்சயமாக உடனே விழ, பத்து மடங்கு, 160 ஆம்பியர் வேண்டும். 46-க்கு அது சூடேறி மெதுவாகத்தான் விழும். அதுவரை ரேக் முழுக்க மின்சாரம். சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்து, நியூட்ரலையும் எர்த்தையும் உலோகப் பட்டையாலேயே இணைத்திருக்கும் ஆலையில் நீங்கள் சொல்வது நடக்கலாம். மண்ணை நம்பியிருக்கும் கட்டடத்தில் நடக்காது.

மார்ச் 9, காலை 6.45

குழி என்றதும் ஞாபகம். கரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மே மாதம் எர்த் அளந்தேன், 14 ஓம். கரியும் உப்பும் போட்டு முறையாக எடுத்த குழிதான். மூடியைத் திறந்தால் உள்ளே சிலந்தி வலை, மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. காவலாளி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து புனல் வழியாக ஊற்ற ஊற்ற அது குடித்துக்கொண்டே இருந்தது. ஆறு குடம். மறுநாள் காலையில் 5-க்குக் கீழே வந்தது. அதன் பிறகு அங்கே துளசி மாடத்துக்கு ஊற்றும்போதே குழிக்கும் ஊற்றுகிறார்கள். நான் போட்ட திட்டங்களில் தொடர்ந்து நடைமுறையில் இருப்பது அது ஒன்றுதான்.

மார்ச் 12, இரவு 9.30

ஞாயிறுக்கு முன் சில சொற்கள்.

ரேக் சட்டத்திலிருந்து தனியாக ஒரு தடித்த பச்சை-மஞ்சள் வயர் நேராக எர்த் பட்டைக்குப் போக வேண்டும். பி.டி.யூ.வின் எர்த் மட்டும் போதாது, ஒன்று அறுந்தால் இன்னொன்று நிற்கும். வயர் சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டு. பெயின்ட் மீது திருகிய போல்ட் அலங்காரத்துக்குத்தான். பல் வாஷர் போடு. கதவு கீலில் தொங்குகிறது, அதற்கும் தனி வயர்.

மீட்டரின் "பீப்" சத்தத்தை நம்பாதே. ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். எர்த் வேலை செய்கிறதா என்பதை ரேக் ஓடும்போது கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பச்சை வயர்களில் மாட்டிப் பார். சாதாரண கிளாம்ப் மில்லி ஆம்பியரைக் காட்டாது, வாடகைக்காவது வாங்கு. இந்த ரேக்கில் பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படாதே, எர்த் இல்லை என்று அர்த்தம்.

பழைய வயர்மேன்கள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்பம் ஏறுவார்கள். கட்டை தன்னிடம் இருக்கும் வரை கீழே எவனாலும் மின்சாரம் கொடுக்க முடியாது. எம்.சி.பி. வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது, யார் வேண்டுமானாலும் ஒரு விரலால் தூக்கிவிடலாம். எம்.சி.பி.க்கு மாட்டும் சிறிய பூட்டு கடையில் கிடைக்கிறது. மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள். அதே கட்டைதான்.

கேட்டவர். மார்ச் 15, இரவு 8.05

முடிந்தது. ஒரு திகில் மட்டும். யூ.பி.எஸ்.ஸை நிறுத்தி, பூட்டு மாட்டி, மீட்டரால் மூன்று அளவும் பார்த்தோம், எல்லாம் பூஜ்யம். ஆனால் ரேக்கின் அடியில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கேமரா பதிவுப் பெட்டி. அதை யாரோ சுவர்ச் சாக்கெட்டிலிருந்து ஸ்பைக் பஸ்டர் வைத்து இழுத்திருக்கிறார்கள். ரேக்குக்குள் 230 வோல்ட்டோடு அது கிடந்தது. எலக்ட்ரீஷியன்தான் முதலில் பார்த்தார்.

இப்போது ஏ, பி இரண்டுக்கும் தனித்தனி எம்.சி.பி., தனித்தனி ஆர்.சி.சி.பி. மேசைக் கணினிகளுக்கு வேறு. ரேக்குக்கும் டி.பி. பெட்டிக்கும் இடையே 0.3 வோல்ட். ஒவ்வொரு பி.டி.யூ.வாக ஓடவிட்டு, இரண்டு பச்சை வயர்களையும் சேர்த்துக் கிளாம்பில் அளந்தோம். ஏ 6.2, பி 5.7 மில்லி ஆம்பியர். கூட்டினால் 11.9. நீங்கள் சொன்னது 14.

மார்ச் 15, இரவு 8.40

14 என்று எண்ணியதில் பதிவுப் பெட்டியும் ஒன்று. அது யூ.பி.எஸ்.ஸிலேயே இல்லையே, ஆக 13. மீதியை என் குத்துமதிப்பில் கழித்துக்கொள். அந்த ஸ்பைக் பஸ்டரை எடுத்துவிட்டு, பெட்டியைப் பி பக்கத்துக்கு மாற்று.

6.2, 5.7 இரண்டையும் இன்றைய தேதியோடு கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டு. "தொடாதீர்கள்" அட்டை இருந்த இடத்திலேயே ஒட்டலாம். அடுத்து அளப்பவருக்கு ஒப்பிட ஏதாவது வேண்டும்.

மார்ச் 16, காலை 7.05

மோதிரம் கிடைத்துவிட்டது. கேஜ் நட் டப்பாவில்.